குடியுரிமைக் கட்டத்தில் என்ன எழுதுவது? கடலூர், புதுவைக் குடும்பங்களுக்கு ஒரு விரிவான பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் 1985இல் கடலூரில் பிறந்தவர். அப்பா 1957இல் பாகூரில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். மனைவி 1989இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த ஒரு 'சொல்தா' குடும்பத்தில் பிறந்தவர். அவரும் அவருடைய அப்பா அம்மாவும் பிரெஞ்சுக் குடிமக்கள், கையில் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருக்கிறது. மகன் 2012இல் புதுச்சேரியில் பிறந்தான். தங்கை கனடாவில் பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) வாங்கிக் குடியிருக்கிறார், அங்கே அவருக்கு ஒரு பெண் குழந்தை. இப்போது மகனுக்குப் பாஸ்போர்ட், அப்பாவுக்குப் பிரான்ஸ் போக விசா, மனைவிக்குப் பான் கார்டு, வங்கியில் கேஒய்சி என்று விண்ணப்பங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. மாமனார், "உங்க அப்பாவே பிரெஞ்சு காலத்து ஆள், எல்லாருக்கும் பிரெஞ்சுன்னே போடுங்க" என்கிறாராம். பிரவுசிங் சென்டர் பையனோ, "எல்லாத்துலயும் இந்தியன்னு போட்டா வேலை முடிஞ்சிடும் சார்" என்கிறானாம். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. பழைய பிரெஞ்சுப் பதிவுகளை மொழிபெயர்த்துக் கொடுப்பதும் விண்ணப்பங்கள் நிரப்பித் தருவதும்தான் என் பிழைப்பு. அதில் பார்த்த வரை, இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரே பதிலை எல்லாருக்கும் எழுதிவிட முடியாது. ஒரே வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேருக்கும் வேறு வேறு பதில் வரலாம். ஒரே ஆளுக்கே இரண்டு விண்ணப்பத்தில் கேட்கப்படுவது வேறாக இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கட்டம் எதைக் கேட்கிறது என்பதை. "நீங்கள் இன்று எந்த நாட்டுக் குடிமகன்?" என்பது ஒன்று. "அந்தக் குடியுரிமை எந்த வழியில் வந்தது?" என்பது இன்னொன்று. "எங்கே குடியிருக்கிறீர்கள்?", "எங்கே பிறந்தீர்கள்?", "எந்த நாட்டில் வரி கட்டுகிறீர்கள்?" என்பவை தனித்தனி. இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான் முக்கால்வாசிச் சிக்கல் வருகிறது. உங்கள் தங்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவில் பி.ஆர். என்பது அங்கே குடியிருந்து வேலை பார்க்கும் உரிமை, அவ்வளவுதான். கனடாக் குடியுரிமைக்கான உறுதிமொழி எடுக்காத வரை அவர் இந்தியக் குடிமகள். குடியுரிமை என்று கேட்கிற எந்த இடத்திலும் இந்தியா என்றுதான் எழுத வேண்டும். வங்கியில் மட்டும் அவர் என்ஆர்ஐ (வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர்), ஏனென்றால் அங்கே கேட்பது குடியிருப்பைப் பற்றி. அமெரிக்காவில் கிரீன் கார்டு வைத்திருக்கிற உறவினருக்கும் இதே கணக்குதான்.

இனி அப்பா. இதுதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம்.

புதுவையின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1இல். அதற்கு இரண்டு வாரம் முன்பு கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது, மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர ஆதரவு தந்தார்கள். ஆனால் சட்டப்படி ஊர் கை மாறியது அன்றைக்கல்ல. ஒப்படைப்பு உடன்படிக்கை 1956 மே 28இல் கையெழுத்தானது, பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர ஆறு வருடம் ஓடிவிட்டது. 1962 ஆகஸ்ட் 16இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. புதுவைக்காரர்களின் குடியுரிமைக்கு அந்தத் தேதிதான் அச்சாணி.

அந்த உடன்படிக்கை சொன்னது இது. அந்தத் தேதியில் புதுவை, காரைக்கால், மாஹே, ஏனாம் பகுதிகளில் பிறந்து, அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். வேண்டாம், பிரெஞ்சாகவே இருக்கிறேன் என்பவர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். இங்கே பிறந்து, அன்று கடலூர், சென்னை என்று இந்தியாவின் மற்ற பகுதியில் குடியிருந்தவர்களும் இந்தியர்களே. அவர்களுக்கும் அதே ஆறு மாத வாய்ப்பு இருந்தது. இங்கே பிறந்து சைகோனிலோ பிரான்சிலோ இருந்தவர்களுக்கு நேர் எதிர்: அவர்கள் பிரெஞ்சாகவே தொடர்ந்தார்கள், இந்தியராக வேண்டுமானால் அவர்கள்தான் அறிவிக்க வேண்டும். திருமணமாகாத சின்னப் பிள்ளைகளுக்கு அப்பா எடுத்த முடிவுதான்.

இன்றைக்குப் பல வீடுகளில் "எங்க தாத்தா பிரெஞ்சு" என்ற பேச்சு இருக்கும். 1962க்கு முன் பிறந்த எந்தப் பாகூர்த் தாத்தாவும் ஒரு வகையில் பிரெஞ்சுதான். அவர் அந்த ஆறு மாதத்தில் எழுதிக் கொடுத்தாரா இல்லையா என்பதுதான் கேள்வி. பெரும்பாலோர் எழுதிக் கொடுக்கவில்லை. சிலருக்கு விஷயமே தெரியாது, சிலர் இந்தியாதான் என்று தெளிவாக இருந்தார்கள். எழுதிக் கொடுத்தவர்களில் ராணுவத்திலும் நிர்வாகத்திலும் இருந்து பென்ஷன் வாங்கியவர்கள் நிறையப் பேர். 1881ஆம் ஆண்டு ஆணையின்படி மதம், சாதி வழிவந்த சொந்தச் சட்டத்தைத் துறந்து குடும்பப் பெயர் எடுத்துக்கொண்ட 'ரெனோன்சான்' குடும்பங்கள் அதைக் காட்டி வாதாடுவது உண்டு. உடன்படிக்கை அந்தப் பிரிவைப் பார்க்கவில்லை. எங்கே பிறந்தார், எங்கே குடியிருந்தார், எழுதிக் கொடுத்தாரா என்ற மூன்றைத்தான் பார்த்தது.

ஆக, உங்கள் தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை, குடும்பம் பாகூரிலேயே இருந்தது என்றால், அப்பா 1962 ஆகஸ்ட் 16இலிருந்து இந்தியக் குடிமகன். அதில் சந்தேகமே வேண்டாம். மாமனார் சொல்கிறார் என்று அவருக்குப் பிரெஞ்சு என்று எழுதினால் அது பொய்த் தகவல்.

ஆனால் விசா விண்ணப்பத்தில் ஒரு சுவாரசியமான கட்டம் இருக்கிறது. பிரான்சுக்கான ஷெங்கன் படிவத்தில் 'தற்போதைய குடியுரிமை' என்று கேட்டுவிட்டு, அதன் கீழேயே 'பிறக்கும்போது இருந்த குடியுரிமை, வேறாக இருந்தால்' என்று கேட்பார்கள். கடலூரில் பிறந்தவர்கள் அதைக் காலியாக விட்டுவிடலாம். உங்கள் அப்பா 1957இல் பாகூரில் பிரெஞ்சுக் குடிமகனுக்குப் பிறந்தவர். முதல் கட்டத்தில் இந்தியர், இரண்டாவது கட்டத்தில் பிரெஞ்சு. இதுதான் உண்மையான பதில், பயப்பட ஒன்றுமில்லை. மரீன் வீதியில் இருக்கிற பிரெஞ்சுத் தூதரகத்துக்கு இந்தக் கதை நம்மைவிட நன்றாகத் தெரியும். கூடவே அவருடைய பிறப்புப் பதிவின் நகலை வையுங்கள். எத்தா சிவில் (பிறப்பு, திருமணம், இறப்பு) பதிவேட்டிலிருந்து எடுத்த பழைய நகல் என்றால் அதில் தேதியும் ஆண்டும் எண்ணில் இருக்காது, பிரெஞ்சில் நீட்டி எழுத்தால் எழுதியிருப்பார்கள். அப்பா பெயர், வயது, தொழில், சாட்சிக்காரர்கள் பெயர் எல்லாம் ஒரே வாக்கியமாக ஓடும். சில நகல்களில் ஓரத்தில் பிற்பாடு சேர்த்த குறிப்புகளும் இருக்கும்: திருமணம், சில நேரம் குடியுரிமை பற்றியும். மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது அந்த ஓரக் குறிப்பையும் சேர்த்து மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். அவசரத்தில் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் படிவத்தில் 'இந்தியக் குடியுரிமை எந்த வழியில்' என்ற கேள்விக்கு பர்த் (பிறப்பால்), டிசென்ட் (பெற்றோர் வழியில்), ரெஜிஸ்ட்ரேஷன் (பதிவால்) அல்லது நேச்சுரலைசேஷன் (நீண்ட காலம் குடியிருந்து பெறுவது) என்றுதான் வரும். உங்கள் அப்பாவுக்குக் குடியுரிமை வந்தது குடியுரிமைச் சட்டத்தின் வேறொரு பிரிவில், ஒரு நிலப்பகுதி இந்தியாவோடு சேரும்போது அங்குள்ளவர்கள் குடிமக்கள் ஆகும் 7ஆம் பிரிவில். அதற்கென்றே 1962இல் பாண்டிச்சேரிக்குத் தனி ஆணை போட்டார்கள். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. அப்பாவின் பாஸ்போர்ட் புதுப்பிக்கிற வேலையும் வந்தால், 'பர்த்' என்பதைத் தேர்ந்து, பிறந்த ஊரையும் தேதியையும் உள்ளபடி எழுதி, கவுன்டரில் இருக்கும் அதிகாரியிடம் 1962க்கு முன் பாகூரில் பிறந்தவர் என்று வாயால் சொல்லிவிடுங்கள். ஊரும் தேதியும் கண்ணெதிரே இருக்கும்போது எதையும் மறைத்ததாக ஆகாது. இன்னொன்று: சான்றிதழில் பாண்டிச்சேரி, ஆதாரில் புதுச்சேரி என்று இருந்தால் கலங்க வேண்டாம். 2006 அக்டோபரில்தான் அதிகாரபூர்வமாகப் பெயர் மாறியது.

உங்களுக்குப் பதில் ஒரு வரிதான். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், தூதரகக் குடும்பம் மாதிரியான விதிவிலக்குகள் தவிர, அப்பா அம்மா யாராக இருந்தாலும் பிறப்பால் இந்தியர். நீங்கள் 1985. விஷயம் முடிந்தது.

இந்தத் தேதிக் கணக்கு கடலூர் மாவட்டத்தில் இன்னொரு கூட்டத்துக்கு உயிர் போகிற விஷயம், அதையும் சொல்லிவிடுகிறேன். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் பிறந்தவர்கள் பலர், தாங்கள் இலங்கையர் என்றே எல்லா இடத்திலும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள், அவர்களிடம் அப்படித்தான் சொல்லப்பட்டது. 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்திருந்தால் அவர்கள் பிறப்பால் இந்தியக் குடிமக்கள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது, 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். முகாமில் பிறந்த தேதியைக் காட்டும் சான்று கையில் இருப்பவர்கள் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த தாயகம் திரும்பியோர் கதை வேறு. அவர்களுக்குப் பதிவு மூலம் குடியுரிமை வந்தது, படிவத்தில் ரெஜிஸ்ட்ரேஷன் என்று இட வேண்டும். அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு பர்த்.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்களுக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுகிவிட்டது: இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராக இருந்து மற்றவர் சட்ட விரோதமாகக் குடியேறியவராக இல்லாமல் இருக்க வேண்டும்.

உங்கள் மகன் 2012. அப்பா இந்தியர், அம்மா முறையான ஆவணத்தோடு இங்கே வாழும் பிரெஞ்சுக் குடிமகள். எனவே பையன் பிறப்பால் இந்தியன். இங்கேதான் கை தவறுகிறது. டிசென்ட் என்பதைப் பார்த்ததும், "அப்பா வழியா வந்த குடியுரிமைதானே" என்று அதைத் தட்டிவிடுகிறார்கள். டிசென்ட் என்பது இந்தியாவுக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு. உங்கள் தங்கை மகளுக்குத்தான் அந்தக் கட்டம், அதுவும் குழந்தை பிறந்த ஒரு வருடத்துக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்தால். அப்படிப் பதிவு செய்யும்போது, குழந்தைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். குழந்தைக்கு ஏற்கெனவே கனடாப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டார்கள் என்றால் அந்த வழி அடைபட்டது, ஓசிஐ-க்குப் போக வேண்டியதுதான். பதிவு செய்துவிட்டாலும், வயது வந்த ஆறு மாதத்துக்குள் அந்தப் பெண் கனடாக் குடியுரிமையைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்று சட்டம் சொல்கிறது. தங்கையிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

மகன் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை நான் கேட்க வேண்டியிருக்கிறது: அவன் பிறப்பைப் பிரெஞ்சுத் தூதரகத்தில் பதிந்திருக்கிறீர்களா? லிவ்ரே தெ ஃபாமியில் (பிரெஞ்சுக் குடும்பப் பதிவுப் புத்தகம்) அவன் பெயர் ஏறியிருக்கிறதா? பிரெஞ்சுச் சட்டப்படி அம்மா பிரெஞ்சு என்றால் பிள்ளையும் பிரெஞ்சு. பிரான்ஸ் இரட்டைக் குடியுரிமையை ஏற்கும், இந்தியா ஏற்காது. பெயர் ஏறியிருப்பது ஒரு நிலை, பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கையில் வாங்குவது வேறு நிலை. வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வாங்குவதையே அந்த நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றதற்கான முடிவான சான்றாக நம் குடியுரிமை விதிகள் எடுத்துக்கொள்கின்றன. பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் கடைசியில் நீங்கள் கையெழுத்துப் போடுகிற உறுதிமொழியில், வேறு நாட்டுக் குடியுரிமையையோ பயண ஆவணத்தையோ விரும்பிப் பெறவில்லை என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுபவர்கள்தான் அதிகம். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இல்லை என்றால் தைரியமாக இந்தியன், பர்த் என்று எழுதி, அம்மாவின் பாஸ்போர்ட், ஓசிஐ நகல்களை மறைக்காமல் இணையுங்கள். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் ஏற்கெனவே எடுத்திருந்தால் இந்த விண்ணப்பத்தைப் போடாதீர்கள். குழந்தைகள் விஷயத்தில் வழக்குக்கு வழக்கு நீதிமன்றப் பார்வை மாறுகிறது, குடியுரிமை வழக்குகள் பார்க்கிற வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு செய்யுங்கள். இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட்டையும் பீரோவில் வைத்துக்கொண்டு, போகும்போது ஒன்று வரும்போது ஒன்று என்று நீட்டுவது இந்த ஊரில் கேள்விப்படாத விஷயமல்ல. விமான நிலையத்தில் மாட்டினால் காப்பாற்ற யாரும் வரமாட்டார்கள்.

அவன் ப்ளஸ் டூ முடிக்கும்போது இது இன்னொரு முறை தலைதூக்கும். நீட் விண்ணப்பத்தில் குடியுரிமை என்பதில் இந்தியர், என்ஆர்ஐ, ஓசிஐ, வெளிநாட்டவர் என்று தனித்தனியாக இருக்கும். 2021 மார்ச் 4ஆம் தேதி அறிவிப்புக்குப் பிறகு ஓசிஐ மாணவர்கள் என்ஆர்ஐ இடங்களுக்கும் வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் கூடுதலாக ஒதுக்கும் இடங்களுக்கும் மட்டுமே தகுதி. அந்தத் தேதிக்கு முன் ஓசிஐ அட்டை வாங்கியவர்களுக்கு மட்டும் பழைய சலுகை தொடரும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. ஜிப்மர் மருத்துவக் கல்லூரி வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்று கனவு காணும் குடும்பங்கள், பிள்ளைக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் எடுக்கும் முன் இதை யோசிக்க வேண்டும். எது நல்லது என்று நான் சொல்ல மாட்டேன், பிரான்சில் படிக்க வைக்க நினைப்பவர்களுக்குக் கணக்கு மாறும். ஆனால் இரண்டும் வேண்டும் என்று நடுவில் நிற்க முடியாது.

அடுத்தது உங்கள் மனைவி. ஓசிஐ அட்டை பார்ப்பதற்குப் பாஸ்போர்ட் மாதிரியே இருக்கும். மேலே சிங்க முத்திரை, அதன் கீழே இந்தியா, சிட்டிசன் என்ற எழுத்துகள். கவுன்டரில் இருப்பவர்களே அதைப் பார்த்துவிட்டு "அப்ப இந்தியர்தானேம்மா" என்று டிக் அடித்துவிடுவது நடக்கிறது. பெயரில்தான் சிட்டிசன், உள்ளே அது காலவரையில்லாத விசாவும் சில சலுகைகளும். ஓட்டு இல்லை, அரசு வேலை இல்லை. உங்கள் மனைவிக்கு அது கிடைத்ததே, '1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர், அல்லது அவருடைய பிள்ளை, பேரப்பிள்ளை' என்று சட்டத்தில் ஒரு வகை இருப்பதாலாக இருக்கும். புதுவைக்கென்றே தைத்த சட்டை மாதிரி பொருந்துகிற வகை அது. இல்லை, உங்களைத் திருமணம் செய்ததன் பேரில் வாங்கியிருந்தாலும் சரி, அவர் வெளிநாட்டுக் குடிமகள்தான். இந்தியரைக் கட்டிக்கொண்டதால் தானாக இந்தியராகிவிட மாட்டார். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், ஏழு வருடம் இங்கே குடியிருந்திருக்க வேண்டும்.

எனவே அவருடைய எல்லா விண்ணப்பத்திலும் குடியுரிமை பிரெஞ்சு, நாடு பிரான்ஸ். ஓசிஐ எண்ணைக் கேட்கிற இடத்தில் எண். பான் கார்டுக்கு இந்தியக் குடிமக்களுக்கு ஒரு படிவம், வெளிநாட்டுக் குடிமக்களுக்கு வேறு படிவம், அவர் எடுக்க வேண்டியது இரண்டாவது. ஆதாரில் வெளிநாட்டவருக்கும் ஓசிஐ-காரர்களுக்கும் விண்ணப்பம் தனி. வங்கியில்தான் கொஞ்சம் நிதானம் தேவை. கேஒய்சி படிவத்தில் குடியுரிமை பிரெஞ்சு. குடியிருப்பு, நிரந்தரமாக இங்கேயே வாழ்கிறார் என்றால் இந்தியா. அதன் பின்னால் சின்ன எழுத்தில், எந்த நாட்டில் வரி செலுத்துபவர் என்று ஒரு அறிவிப்பு வரும். அங்கே பிரெஞ்சுக் குடிமகள் என்பதற்காகப் பிரான்ஸ் என்று எழுதக் கூடாது, உண்மையில் எங்கே வரி செலுத்துபவராக இருக்கிறாரோ அந்த நாடு. குடியுரிமையையே வைத்து வரி கேட்கிற அமெரிக்கா போன்ற நாட்டுக்காரர்களுக்குத்தான் அது மாறும்.

பத்திரப் பதிவிலும் அப்படித்தான். கிரயப் பத்திரத்தில் அவரை பிரெஞ்சுக் குடிமகள், ஓசிஐ அட்டைதாரர் என்று எழுதியே ஆக வேண்டும். வீடு, மனை வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு வாங்க ஓசிஐ-காரர்களுக்கு அனுமதி இல்லை. பாகூர் ஏரிப் பாசனத்தில் ஒரு காணி வாங்கி மனைவி பேரில் போடலாம் என்ற எண்ணம் இருந்தால் உங்கள் பேரிலேயே போட்டுக்கொள்ளுங்கள். வாரிசாக வருவது வேறு, அதற்குத் தடையில்லை.

அப்புறம் சில சில்லறைத் தவறுகள். பள்ளி, கல்லூரி விண்ணப்பங்களில் குடியுரிமை, மதம், சாதி என்று வரிசையாக வரும்போது முதல் கட்டத்தில் இந்து, கிறிஸ்தவர் என்று எழுதிவிடுகிறார்கள். சிலர் தமிழ்நாடு, புதுச்சேரி என்கிறார்கள். அங்கே வேண்டியது இந்தியர் என்ற ஒரே சொல். கடலூரில் வாங்குகிற நேட்டிவிட்டி சான்றிதழ் நீங்கள் இந்த மாநிலத்தவர் என்பதற்கானது. நேஷனாலிட்டி சான்று கேட்கிற இடத்தில் அதைக் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள். எல்லையில் இருக்கிறவர்களுக்கு, கன்னியக்கோவிலில் வீடு, ரெட்டிச்சாவடியில் நிலம் என்று இருப்பவர்களுக்கு, இதில் குழப்பம் சகஜம். ஆதார், ரேஷன் கார்டு, பான் எதுவும் குடியுரிமைக்குச் சான்று ஆகாது. ஆதார் சட்டம் 9ஆம் பிரிவிலேயே இதைச் சொல்லியிருக்கிறது. ஆதார் இருக்கிறது என்பதற்காக யாரையும் இந்தியர் என்று எழுதக் கூடாது, ஆதார் இல்லை என்பதற்காக இந்தியர் இல்லை என்றும் ஆகாது.

புரோக்கர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தாத்தாவின் பெயரை வைத்துப் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கித் தருகிறேன், பதிவேட்டில் பெயர் சேர்த்துத் தருகிறேன் என்று காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1962இல் எழுதிக் கொடுத்த அறிவிப்பு இல்லை என்றால் புதிதாக உருவாக்க முடியாது. உருவாக்கினால் அது போலி, மாட்டுவது புரோக்கர் இல்லை, கையெழுத்துப் போட்ட நீங்கள்.

கடைசியாக, கேள்வியின் ஓரத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரி. போன தேர்தலுக்கு முன் யாரோ கட்சிக்காரர் வீட்டுக்கு வந்து எல்லார் பெயரையும் எழுதிக்கொண்டு போனதாகவும், மனைவி பெயரும் வாக்காளர் பட்டியலில் ஏறியிருப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அதை அப்படியே விடாதீர்கள். வாக்காளராகச் சேர்வதற்கான படிவம் 6இல் 'நான் இந்தியக் குடிமகன்' என்று ஒரு உறுதிமொழி இருக்கிறது; அது பொய் என்றால் ஓராண்டு வரை சிறை. இந்தியக் குடிமகன் அல்லாதவர் குடியுரிமையை மறைத்து இந்தியப் பாஸ்போர்ட் கேட்டால் தண்டனை ஓராண்டிலிருந்து ஐந்தாண்டு வரை, பத்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஓட்டுப் பட்டியலில் பெயர் இருக்கிறதே என்ற தைரியத்தில் நாளைக்கு யாராவது அவருக்குப் பாஸ்போர்ட்டும் போடச் சொன்னால் ஒன்று இரண்டாகிவிடும்.

முதலில் பட்டியலில் அவர் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள், 2025 நவம்பரில் தமிழ்நாட்டிலும் புதுவையிலும் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் நீங்கியிருக்கவும் கூடும். இருந்தால், அவர் கையாலேயே படிவம் 7 நிரப்பிப் பெயரை நீக்கக் கேட்கலாம். காரணம், இந்தியக் குடிமகள் அல்ல. கூடவே ஒரு வெள்ளைத் தாளில், வீட்டுக்கு வந்து எழுதிக்கொண்டு போனதில் தெரியாமல் சேர்ந்தது, தெரிந்ததும் நீக்கக் கேட்கிறேன், ஓட்டுப் போடவில்லை என்று, அது உண்மையாக இருந்தால், நாலு வரி எழுதி பிரெஞ்சுப் பாஸ்போர்ட், ஓசிஐ நகல்களோடு கொடுங்கள். ஓட்டுப் போட்டிருந்தால் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கி, ஓசிஐ அட்டையோடு சேர்த்து வையுங்கள். பான் விண்ணப்பத்தை அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம், அவசரமில்லை.